மூலம் ஒன்றாதல் வேண்டும்

பெருநிறுவனங்களுக்கான ஜாவா நிரற்றொகுதிகள் பலரின் கூட்டுழைப்பால் உருவாகின்றன. அவ்வுழைப்பில் இரு கருவிகள் முதன்மை பெறுகின்றன. ஒன்று, நிரலை எழுதுதற்குரிய எடிட்டர். மற்றையது, எழுதப்பட்டதைத் தொகுத்து, சோதித்து, சேவையகத்துக்கு ஏற்ற பொதியாக்கும் கட்டுமானக் கருவி. ஐபிஎம் நிறுவனம் 2001இல் திறந்த மூலமாக வெளியிட்ட எக்லிப்ஸ் முன்னதற்கும், 2004இல் முதற்பதிப்புக் கண்ட மேவன் பின்னதற்கும் தக்க உதாரணங்களாம்.

எந்நூலகத்தின் எப்பதிப்புத் தேவை, ஜாவாவின் எந்நிலைக்கேற்பத் தொகுத்தல் வேண்டும் என்பனவற்றை மேவன் ‘பொம்’ எனும் கோப்பிலிருந்து அறிகின்றது. எக்லிப்ஸோ அதே விபரங்களைத் தனக்குரிய ‘கிளாஸ்பாத்’ முதலிய கோப்புகளில் மீளவும் எழுதிவைக்கின்றது. ஏடு பெயர்த்தெழுதுமிடத்துப் பாடபேதம் தோன்றுதல் போல, ஈண்டும் முரண்பாடு தோன்றுகின்றது.

‘எடிட்டர் அவரவர் விருப்பம், சிறு வேறுபாடுகளை அவரவரே சீர்செய்யலாம்’ என்பர் சிலர். இக்கூற்று மேலோட்டமானது. சோதனைக்கு மட்டுமுரிய நூலகங்களை மேவன் முதன்மை நிரலினின்றும் பிரித்தே வைக்கின்றது. எக்லிப்ஸில் 2018இல் ஃபோட்டான் பதிப்பு வரும்வரை இப்பிரிவினை இருக்கவில்லை. ஆதலின், முதன்மை நிரலிற் சோதனை நூலகமொன்றைத் தவறுதலாகக் கையாண்டபோதும் எடிட்டர் பிழை காட்டவில்லை. மேவனோ தொகுக்க மறுத்தது. அன்றியும், எக்லிப்ஸ் தனது சொந்தத் தொகுப்பியையே பயன்படுத்துகின்றது. மேவன் இயல்பாக ‘ஜாவாசி’ தொகுப்பியை நாடுகின்றது. ஒன்று ஏற்ற நிரலை மற்றது நிராகரித்த சந்தர்ப்பங்களும் உள. இவை சிறு வேறுபாடுகள் அல்ல; எது சரியான நிரல் என்பது பற்றிய இருவேறு தீர்ப்புகள்.

இணக்கங்காணும் முயற்சிகளும் நடைபெற்றன. பொம் கோப்பிலிருந்து எக்லிப்ஸ் கோப்புகளைப் பிறப்பிக்கும் மேவன் கட்டளை முதலில் வழங்கியது. பொம் மாறுந்தோறும் அதனை மீண்டும் இயக்கவேண்டியிருந்தது. 2011இல் இண்டிகோ பதிப்புடன் வந்த ‘எம்2ஈ’ இணைப்பு பொம் கோப்பை நேரடியாகவே வாசித்தது. தான் அறியாத கட்டுமானப் படிகளை மௌனமாகக் கடவாது பிழையென அறிவித்தமை அதன் நேர்மை. ஆயின், எடிட்டருக்கான பரிகாரத்தைப் பொம் கோப்பிலேயே எழுதும் வழியைக் காட்டியமை அதன் தவறு. எக்லிப்ஸைத் தொடாதவரும் எக்லிப்ஸுக்கான குறிப்புகளைச் சுமக்கநேர்ந்தது.

எழுத்துக்கு எழுத்து உடனடியாகப் பிழை காட்டவேண்டிய எடிட்டர், ஒவ்வொரு முறையும் முழுக் கட்டுமானத்தையும் இயக்கவியலாது என்பது நியாயமே. வேகத்தின்பொருட்டு வழிமுறை வேறுபடலாம், முடிவு வேறுபடலாகாது.

இம்முரண்பாட்டின் விலையைச் செலுத்துபவர் பெரும்பாலும் புதிதாகச் சேர்பவரே. அனுபவமுடையோர் எங்கே எதனை மாற்றவேண்டும் என்பதை நினைவில் வைத்திருப்பர். எழுதப்படாத அவ்வறிவு புதியவருக்கு எட்டுவதில்லை. தம் நிரலிற் பிழையில்லாதபோதும் தம்மையே ஐயுற்று அவர் நாள்களை இழக்கின்றார்.

எனவே, கட்டுமானக் கோப்பே ஒரே மூலமாதல் வேண்டும். எடிட்டரின் கோப்புகள் அதினின்றும் பிறப்பிக்கப்படுவனவாய், பொதுக் களஞ்சியத்திற் சேர்க்கப்படாதனவாய் இருத்தல் வேண்டும். இரண்டும் முரணுமிடத்துத் திருந்தவேண்டியது எடிட்டரே. பலர் கூடி ஆக்கும் ஒன்றின் சட்டம் தனியொருவரின் கணினியில் மறைந்திருத்தல் தகாது.