சில்லறைச் செலவினத்தில் எழுதப்படும் மனிதர்கள்

மார்கழி பிற்பகுதியில் கோட்டையிலிருந்து ஆண்டுதோறும் ஓர் அறிவிப்பு வருகிறது. பொங்கல் மிகை ஊதியம். 2025 பொங்கலுக்கு வந்த அறிவிப்பை எடுத்துப் பார்ப்போம். சி, டி பிரிவுப் பணியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் 3,000 ரூபாய் உச்சவரம்புக்கு உட்பட்டு 30 நாள் ஊதியத்துக்கு இணையான தொகை. தொகுப்பூதியம், சிறப்புக் காலமுறை ஊதியம் பெறுவோருக்கு 1,000 ரூபாய். முந்தைய நிதியாண்டில் 240 நாட்களாவது வேலை செய்து, சில்லறைச் செலவினத்தின் கீழ் மாதச் சம்பளம் வாங்கும் முழுநேர, பகுதிநேரப் பணியாளர்களுக்கும் அதே 1,000. சி, டி பிரிவில் ஓய்வு பெற்றவர்களுக்குப் பொங்கல் பரிசு 500. 2018லும் 3,000தான், 1,000தான், 500தான். இடையில் ஆட்சி மாறியது. அரிசி விலை மாறியது. இந்த மூன்று எண்களும் அசையவில்லை.

தொகை சிறியது என்பது ஒரு குறை. அதை ஊழியர் சங்கங்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றன, கேட்கட்டும். இந்தப் பத்தியில் பேச நினைப்பது வேறு. அரசு தன் ஊழியரைப் பாராட்டி ஒரு ரூபாய் கொடுக்க முடிவு செய்தால், அது யாருடைய கைக்குப் போகும், யாருடைய வாசலைத் தாண்டிப் போகும் என்பதை ஊதியப் பட்டியல் விதிகள் தீர்மானிக்கின்றன. அந்த விதிகளுக்குச் சாதி தெரியாது என்பார்கள். பட்டியலின் அடிப்பக்கத்தைப் புரட்டினால் தெரியும்.

'சில்லறைச் செலவினம்' என்ற சொல்லைப் பாருங்கள். தமிழ் படித்தவன் என்பதால் இந்தச் சொல் என் கண்ணில் முள்ளாகக் குத்துகிறது. அலுவலகத்துக்குத் துடைப்பம், பினாயில், மை, காகிதம் வாங்கும் கணக்குத் தலைப்பு அது. பள்ளியிலும் விடுதியிலும் கழிவறை கழுவும் பகுதிநேரப் பணியாளரின் சம்பளமும் அதே தலைப்பில்தான் எழுதப்படுகிறது. துடைப்பமும் துடைப்பம் பிடித்த கையும் ஒரே செலவுக் கணக்கு. 2020இல் 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றினார்கள். வரவேற்கத்தக்கதுதான். ஆனால் கருவூலத்தில் தலைப்பு மாறவில்லையே.

சில்லறைச் செலவினத்தில் இருப்பவருக்காவது 1,000 ரூபாய் வருகிறது. அதற்கும் கீழே ஒரு தளம் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் அரசின் எந்தச் செலவுத் தலைப்பிலும் ஊழியராக இல்லை. ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். மாநகராட்சி அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை, ஒப்பந்ததாரரின் 'பில்'லுக்குப் பணம் கொடுக்கிறது. அரசின் சம்பளப் பட்டியல் இன்று கணினியில், களஞ்சியம் என்ற மென்பொருளில் ஓடுகிறது. பணியாளர் எண் இருந்தால் சம்பளம், படி, மிகை ஊதியம் எல்லாம் அதன் வழியாக வந்து விழும். எண் இல்லாதவர் அதிகாலை ஐந்து மணிக்கு மஸ்டரில் கைரேகை வைத்தாலும் அந்தக் களஞ்சியத்துக்குள் ஒரு நெல்மணி கூட இல்லை.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு வரும் பாதயாத்திரைக் கூட்டத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. பக்தர்கள் நடக்கும் சாலைகளில் இலையும் தட்டும் தண்ணீர் பாட்டிலும் மலையாகக் குவியும். அடிவாரத்தில் தற்காலிகக் கழிப்பறைகள் நிரம்பி வழியும். அந்த நாட்களில் நிரந்தரப் பணியாளரும் ஒப்பந்தப் பணியாளரும் ஒரே வண்டியில், ஒரே மேஸ்திரியின் கீழ், ஒரே குப்பையை அள்ளுகிறார்கள். பொங்கல் முடிந்த கையோடு வரும் திருவிழா. ஒருவர் பொங்கலுக்கு 3,000 வாங்கியிருப்பார். பக்கத்தில் நிற்பவருக்கு நகராட்சியின் கணக்கில் பூஜ்யம்.

விருதுகளின் கதையும் இப்படித்தான். ஜனவரி 26, ஆகஸ்ட் 15 இரு நாட்களிலும் மாவட்ட மைதானத்தில் ஆட்சியர் நற்சான்றிதழ் வழங்குவார். தூய்மைப் பணியாளர் சிலரும் மேடை ஏறுவார்கள். பத்திரிகைகளும் அந்தப் படத்தை மறக்காமல் போடும். சட்டம் போட்ட அந்தத் தாளை வீட்டுச் சுவரில் மாட்டலாம், மாதச் சம்பளத்தில் ஒரு காசு ஏறாது. இதே அரசு காவல் துறைக்கு வேறு முறை வைத்திருக்கிறது. பொங்கல் திருநாளையொட்டி முதலமைச்சர் பதக்கம் பெறும் காவலர்களுக்கு, நிலை வேறுபாடின்றி, மாதந்தோறும் 400 ரூபாய் பதக்கப்படி. பிப்ரவரி முதல் தேதியிலிருந்து அது சம்பளப் பட்டியலில் ஏறிவிடும். காவலர்களுக்குக் கொடுப்பதில் நமக்கு வருத்தமில்லை. நல்ல ஏற்பாடு. பாராட்டைப் படியாக மாற்றலாம், பதவி பார்க்காமல் ஒரே தொகை கொடுக்கலாம் என்று அரசுக்குத் தெரிந்திருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி. கிராம ஊராட்சிகளில் குப்பை சேகரிப்பவருக்கும் 'தூய்மைக் காவலர்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். மாதம் 3,600 ரூபாயாக இருந்து 5,000 ஆனது அவர்கள் சம்பளம். காவலர் என்ற சொல்லை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு, படியை விட்டுவிட்டார்கள்.

பதவி பார்க்காத தொகை என்று சொன்னேன். பதவி பார்த்த தொகை எப்படி இருக்கும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின் உச்சத்தில், மூன்று மாதப் பணிக்கு ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. மருத்துவர்களுக்கு 30,000, செவிலியர்களுக்கு 20,000, மருத்துவமனையின் இதர பணியாளர்களுக்கு 15,000. மருத்துவரின் உழைப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் ஊக்கத்தொகை சம்பளம் அல்லவே! சம்பளம் படிப்புக்கும் பொறுப்புக்கும் ஏற்ப மாறும். தொற்று அபாயத்துக்காகத் தரும் தொகை அபாயத்துக்கு ஏற்பத்தானே மாற வேண்டும்? நோயாளியின் கழிவை அள்ளியவரின் நுரையீரல் பாதி விலையா?

இப்போது சட்டத்துக்கு வருவோம். இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு செய்தி இருக்கிறது. 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் அரசுத் துறைகளுக்கும் உள்ளாட்சிகளுக்கும் விலக்கு அளித்தது. அதனால்தான் அரசு ஊழியருக்கு வருவது உரிமைப் போனஸ் அல்ல, அரசாணை மூலம் வரும் கருணைத் தொகை. ஆனால் 20 பேரோ அதற்கு மேலோ வைத்து வேலை வாங்கும் தனியார் நிறுவனத்துக்கு அந்த விலக்கு கிடையாது. துப்புரவு ஒப்பந்தம் எடுத்த நிறுவனம் தனியார் நிறுவனம்தான். மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டாத தொழிலாளிக்கு, ஆண்டுச் சம்பளத்தில் குறைந்தது 8.33 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம், போனஸாகத் தந்தாக வேண்டும். கணக்குக்கு மாதம் 7,000 ரூபாய் அல்லது குறைந்தபட்ச ஊதியம், எது அதிகமோ அது. 7,000 என்றே வைத்துக்கொண்டாலும் ஆண்டு முழுவதும் வேலை செய்தவருக்கு சுமார் 7,000 ரூபாய். லாபம் வந்ததா நட்டம் வந்ததா என்ற பேச்சே இல்லை. தகுதிக்கு எத்தனை நாள் தெரியுமா? ஆண்டில் 30 வேலை நாள். தனியாருக்குச் சட்டம் 30 நாள் என்கிறது. அரசு தன் சில்லறைப் பணியாளரிடம் 240 நாள் கேட்கிறது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பிலும் 8.33 விழுக்காடும் 30 நாளும் அப்படியே இருக்கின்றன.

ஆகச் சட்டப்படி பார்த்தால், ஒப்பந்தத் தொழிலாளிக்கு வர வேண்டியது நிரந்தரப் பணியாளர் வாங்கும் 3,000ஐவிட அதிகம். வருகிறதா? கடந்த தீபாவளிக்குப் பிறகு ஒரு நகரத்தின் தூய்மைப் பணியாளர் பெண்கள் சிலர் என்னைப் பார்க்க வந்தார்கள். "அண்ணே, போனஸ்னு ரெண்டு புடவையும் ஒரு கிலோ ஸ்வீட்டும் குடுத்தாங்க, இதுதான் போனஸா?" என்று கேட்டார் ஒரு தங்கை. சம்பளச் சீட்டு இருக்கிறதா என்றேன். அப்படி ஒன்று உண்டா என்று திரும்பக் கேட்டார். வங்கிக் கணக்குப் புத்தகத்தில் மாதம் ஒரு வரி மட்டும் இருந்தது. வைப்பு நிதி எவ்வளவு பிடித்தார்கள், ஈ.எஸ்.ஐ. எவ்வளவு என்று எந்த விவரமும் இல்லை. எத்தனை நாள் வேலை செய்தார் என்பதே எழுத்தில் இல்லாதபோது 8.33 விழுக்காட்டை எதன் மீது கணக்கிடுவது? சீட்டு தராமல் விடுவது வெறும் மறதி என்று நான் நம்பவில்லை.

உள்ளாட்சி அலுவலர்களிடம் கேட்டால் "அது ஒப்பந்ததாரர் பாடு" என்பார்கள். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970 அப்படிச் சொல்லவில்லை. ஒப்பந்ததாரர் ஊதியம் தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் தந்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது அதன் பிரிவு 21. போனஸ் அந்த 'ஊதியம்' என்ற சொல்லுக்குள் அடங்குமா என்று வழக்கறிஞர்கள் வாதாடலாம். அந்த வாதத்துக்கே இடம் வைக்காமல் ஒப்பந்தப்புள்ளி எழுதும்போதே எழுதிவிடலாம் அல்லவா? அதைச் செய்யாமல் இருப்பதற்கு உண்மையான காரணம் ஒரு பயம். நகராட்சி நேரடியாக ஒரு ரூபாய் கொடுத்துவிட்டால், 'நீதான் என் முதலாளி' என்று தொழிலாளி நீதிமன்றம் போய்ப் பணி நிரந்தரம் கேட்பார் என்ற பயம்.

இந்தப் பயத்துக்குப் பதில் அரசுகளின் கையிலேயே இருக்கிறது. 2020 மார்ச்சில் ஒன்றிய அரசு கொரோனா பணியாளர்களுக்கு 50 லட்சம் ரூபாய் காப்பீடு அறிவித்தது. நிரந்தரம், ஒப்பந்தம், தினக்கூலி, வெளிமுகமை என்று எல்லா வகையினரையும் பெயர் சொல்லி அந்த உத்தரவில் சேர்த்தார்கள். தலைமை மருத்துவருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் அதே 50 லட்சம். அதனால் யாருடைய பணியும் தானாக நிரந்தரமாகிவிடவில்லை. சாவுக்குச் சமமாக எழுத முடிந்த விதியைப் பொங்கலுக்கு எழுத முடியாதா?

இது ஏன் தலித் பிரச்சினை என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. கழிவுநீர்க் குழாய்களிலும் மலக்குழிகளிலும் வேலை செய்வோரில் சுமார் 38,000 பேரை ஒன்றிய அரசு நமஸ்தே திட்டத்தில் கணக்கெடுத்தது. பட்டியல் சாதியினர் மட்டும் ஏறத்தாழ 69 விழுக்காடு. நாட்டின் மக்கள்தொகையில் நம் பங்கோ அதில் நான்கில் ஒன்றுகூட எட்டாது. தமிழ்நாட்டில் இந்த வேலை அருந்ததியர் தெருக்களிலிருந்தும் ஆதிதிராவிடர் காலனிகளிலிருந்தும்தான் பெரும்பாலும் கிளம்பிப் போகிறது. 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் இடஒதுக்கீடு வந்தது. ஒதுக்கீடு என்பது பணியிடத்தில்தான். 2022 அக்டோபரின் அரசாணை 152 மாநகராட்சிப் பணியிடங்களை மறுசீரமைத்து அடிமட்ட வேலைகளை வெளிமுகமைக்குத் தள்ளியது. பணியிடம் போனால் ஒதுக்கீடு போயிற்று, பணியாளர் எண் போயிற்று, அதோடு மிகை ஊதியமும் போயிற்று. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்திருந்த இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் எதிர்த்தது இந்தச் சரிவைத்தான். அவர்களை நள்ளிரவில் அப்புறப்படுத்திவிட்டு, மறுநாள் இலவசக் காலை உணவு அறிவித்தார்கள்.

இதில் நம் படித்த பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூடுதல் பட்டம் பெற்ற ஆசிரியருக்கும் ஊழியருக்கும் தந்துவந்த ஊக்க ஊதிய உயர்வை 2020 மார்ச்சில் அரசாணை 37 நிறுத்தியது. பிறகு ஒரே தடவை தரும் தொகையாக அது திரும்பி வந்தது. ஊதிய உயர்வு அடிப்படைச் சம்பளத்தில் சேரும், அகவிலைப்படியைக் கூட்டும், ஓய்வூதியம் வரை தொடரும். ஒரு தடவைத் தொகை ஒரு மாதத்தோடு முடிந்துவிடும். சேரியிலிருந்து முதல் தலைமுறையாக வேலைக்குப் போய், அதன் பிறகு தபால்வழியில் முதுகலை முடித்தவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே வலிக்கும்.

மாவட்டத்தின் உள்ளாட்சிகளிடம் நாம் கேட்பது மூன்றே காரியம். அடுத்த துப்புரவு ஒப்பந்தப்புள்ளியில் போனஸைத் தனி இனமாகக் காட்டி, அது தொழிலாளியின் வங்கிக் கணக்கில் ஏறிய சான்று இருந்தால்தான் ஒப்பந்ததாரரின் அந்த மாத 'பில்' பாஸாகும் என்று எழுதுங்கள். மாதச் சம்பளச் சீட்டைத் தமிழில், வேலை நாளும் பிடித்தமும் தெரியும்படி கொடுக்கச் செய்யுங்கள். கோட்டைக்குப் போகும் மன்றத் தீர்மானங்களில் ஒன்றாக, பொங்கல் மிகை ஊதியத்தை வெளிமுகமைப் பணியாளருக்கும் விரிக்கக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்றி அனுப்புங்கள். நம் மாமன்றத்திலும் நகர்மன்றங்களிலும் தனித்தொகுதியில் வென்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். தீர்மானம் கொண்டுவர அவர்களுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

தொழிலாளர்களுக்கு ஒரு வார்த்தை. போனஸ், கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் தரப்பட வேண்டும். 2024-25க்கு உரியது நவம்பர் மாதமே உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். வராதவர்கள், ஓராண்டு வங்கிப் பதிவு, அடையாள அட்டை, வைப்பு நிதி எண் ஆகியவற்றின் நகலோடு தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். ஒருவராகப் போகாதீர்கள். மஸ்டரில் எத்தனை பேரோ அத்தனை பேரும் ஒரே மனுவில் கையெழுத்திட்டு, அதன் இன்னொரு பிரதியைத் திங்கள்கிழமை ஆட்சியரின் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.