இதய அறுவைக்குப் பின் இரத்த அழுத்தம் சரிந்தால்: ஸ்டீராய்டு ஏன் தரப்படுவதில்லை?

அறுவை முடிந்த உங்கள் உறவினரின் இரத்த அழுத்தம் சரிந்துவிட்டதாக மருத்துவர் கூறினால், அறுவையே தவறிவிட்டது எனக் கருத வேண்டியதில்லை. இதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாய்கள் வழியே சுற்றிவரும் இரத்தம் உடலில் அழற்சியைத் தூண்டுகிறது. அது மிகும்போது இரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. இதயம் நன்கு துடித்தாலும் அழுத்தம் நிலைப்பதில்லை. இரத்தக்கசிவு, இதயத் தளர்ச்சி, நோய்த்தொற்று ஆகியன உள்ளனவா என ஆராய்ந்தவாறே நார்எபிநெஃப்ரின், தேவையெனில் வாசோபிரசின் செலுத்தப்படும்.

அழற்சிதான் காரணமெனில் ஸ்டீராய்டை முன்கூட்டியே கொடுத்திருக்கலாமே எனப் பலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான், மருத்துவர்கள் பலரும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணினர். 18 நாடுகளில், அபாயம் மிகுந்த 7,507 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. மெத்தில்பிரெட்னிசோலோன் உயிரிழப்பைக் குறைக்கவில்லை. எனவே அம்மருந்து வழக்கமாகத் தரப்படாதது புறக்கணிப்பு அன்று.

நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொண்டவர்களின் நிலை வேறு. அதனை அறுவைக்கு முன்பே தெரிவியுங்கள். மனச்சோர்வு மாத்திரைகளையும் மறைக்காதீர்கள். பிற மருந்துகளுக்கு அழுத்தம் உயராதபோது சிலருக்குச் செலுத்தப்படும் மெத்திலீன் புளூ, அம்மாத்திரைகள் சிலவற்றுடன் சேர்ந்தால் ஆபத்து விளைவிக்கும். அம்மருந்தால் சிறுநீர் நீலப்பச்சையாவது கண்டு அஞ்ச வேண்டாம்.