பழைய ஸ்பீக்கர்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

வீட்டு ஸ்பீக்கரில் முதலில் தளர்வது, தாழ்ந்த ஒலி தரும் ஊஃபரின் விளிம்பு. கோனைச் சட்டத்தோடு இணைக்கும் இந்த வளையம் பழைய மாடல்கள் பலவற்றில் ஃபோமால் ஆனது. ஜேபிஎல், இன்ஃபினிட்டி நிறுவனங்களின் 1980-களின் பெட்டிகள் பலவற்றிலும் அப்படித்தான். ஈரக்காற்றும் வெப்பமும் சேர்ந்தால் ஃபோம் சிதையும். பாட்டே போடாமல் மூலையில் வைத்திருந்தாலும் சிதையும். பத்திருபது ஆண்டுகளில் விரலால் தொட்டால் பிசுக்காக ஒட்டும், அல்லது தூளாக உதிரும். ரப்பர் விளிம்பு இதைவிட நெடுநாள் நிற்கும்.

சென்னையின் திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் கடல் காற்றின் சேதமும் சேர்ந்துகொள்கிறது. கடற்கரையை ஒட்டிய தெருக்களில் ஜன்னல் கம்பியை அரிக்கும் அதே உப்பு, ஸ்பீக்கரின் பின்புறத் திருகுகளையும் அரிக்கிறது. செம்பு வயரின் நுனியில் பச்சைக் களிம்பு ஏறுகிறது. ஒரு பக்கம் மட்டும் விட்டு விட்டுக் கேட்பதற்கு இது அடிக்கடி காரணமாகிறது. நுனியை வெட்டி, புதிதாகத் தோலுரித்து முறுக்கி மாட்டிப் பார்க்கும்வரை வேறு எந்தச் செலவையும் யோசிக்கத் தேவையில்லை.

அதற்குப் பின்னும் ஒலி சரியாகவில்லை என்றால் மல்டிமீட்டர் வேண்டும். ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றிய 8 ஓம் ஸ்பீக்கர், மீட்டரில் ஏறக்குறைய 6 ஓம் காட்டினால் ஊஃபரின் வாய்ஸ் காயில் அறுபடவில்லை என்று பொருள். இந்த அளவு, உயர்ந்த ஒலி தரும் ட்வீட்டரைப் பற்றி எதுவும் சொல்லாது. அதற்கு முன்னால் கெப்பாசிட்டர் நிற்பதால் ட்வீட்டரைத் தனியே கழற்றித்தான் அளக்க வேண்டும். ஊஃபரின் கோனை இரு பக்கமும் சமமாக விரல் வைத்து மெல்ல அழுத்தும்போது உரசும் சத்தம் கேட்டால், காயில் வளைந்திருக்கிறது அல்லது கருகியிருக்கிறது.

காயில் நன்றாக இருந்தும் தம்புராவின் ரீங்காரம் மங்கிக் கேட்டால் சந்தேகம், ஒலியை ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் மீது விழ வேண்டும். அதிலுள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் காலப்போக்கில் உலர்ந்து அளவு மாறிவிடுகின்றன. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் இதற்கான உதிரிகள் கிடைக்கும். பழையதன் மேல் அச்சிட்டிருக்கும் மைக்ரோஃபேரட் அளவிலேயே, பிளஸ் மைனஸ் இல்லாத வகையாகக் கேட்டு வாங்க வேண்டும். இடது, வலது இரண்டுக்கும் ஒன்றாக மாற்றாவிட்டால் பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாயும்.

ஊஃபர் விஷயத்தில் மட்டும் அவசரம் கூடாது. திருகுத் துளை பொருந்துகிறது என்பதற்காகக் கிடைத்த 8 அங்குல ஊஃபரைப் பொருத்தினால் பெட்டி உறுமும். பெட்டியின் கொள்ளளவும் காற்றுத் துளையின் நீளமும் பழைய ஊஃபருக்கென்று கணக்கிடப்பட்டவை. ஃபோம் மட்டும் போயிருந்தால் புது விளிம்பு ஒட்டலாம். காயில் எரிந்திருந்தால் ரீகோன் செய்பவரிடம் கொடுக்கலாம். மழைநீர் இறங்கிப் பெட்டியின் பலகை உப்பிவிட்டாலோ, அதே மாடல் ட்வீட்டர் எங்கும் கிடைக்காவிட்டாலோ அந்த ஜோடியை விட்டுவிடுவதே நல்லது.

புதிது வாங்கும் முன் அறையையும் பார்க்க வேண்டும். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள அடுக்ககக் கூடத்தில் எந்த ஸ்பீக்கரும் இரைச்சலாகத்தான் கேட்கும். தரையில் ஒரு ஜமக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை, ஸ்பீக்கரை மூலையிலிருந்து இரண்டடி முன்னே நகர்த்துவது, ட்வீட்டரைக் காது உயரத்துக்குக் கொண்டுவருவது ஆகியவை தரும் மாற்றம் வியப்பூட்டும்.

கடையில் வாட்ஸ் எண்ணைப் பார்த்து மயங்குவது பரவலான தவறு. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் என்பதே உருப்படியான கேள்வி. 86 டெசிபல் ஸ்பீக்கர், 89 டெசிபல் ஸ்பீக்கரின் சத்தத்தை எட்ட இரு மடங்கு மின்திறன் வேண்டும். பழைய சிறிய ஆம்ப்ளிஃபையரை வைத்துக்கொள்பவருக்கு இந்த 3 டெசிபல் பெரிது. கேட்டுப் பார்க்க மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தைவிட நல்ல சோதனை இல்லை. தாழ்ந்த ஒலி முகமான தொப்பியின் கும்கி இழைந்து எழுந்து அடங்க வேண்டும். உயர்ந்த ஒலி முகமான வலந்தலையின் ஒவ்வொரு சொல்லும் பிரிந்து கேட்க வேண்டும். கலாக்ஷேத்திரா போன்ற இடங்களில் மிருதங்கத்தை அருகிலிருந்து கேட்ட காதுக்கு இது உடனே புரியும். குறைந்த பட்ஜெட்டில் ஐந்து சின்னப் பெட்டியும் ஒரு சப்ஊஃபரும் சேர்ந்த தொகுப்பைவிட, ஒரே ஒரு நல்ல புக்ஷெல்ஃப் ஜோடியே பாட்டுக்கு உகந்தது.