பந்தயம் இருக்கிறது, பட்டறை இல்லை

ஹைதராபாத்தின் ஹுசேன் சாகர் ஏரியில் சிறுவர்கள் பாய் விரித்து ஓட்டும் குட்டிப் படகின் பெயர் ஆப்டிமிஸ்ட். 1947இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் இதை வடிவமைத்தார். பிள்ளைகள் பெரியவர்கள் துணையோடு தாங்களே செய்துகொள்ள வேண்டும், செலவு 50 டாலரைத் தாண்டக் கூடாது என்பதே அவரிடம் கேட்கப்பட்டது. எட்டடி பிளைவுட்டுக்குள் அடங்க வேண்டியிருந்ததால் படகின் முகப்பைக் கூராக நீட்டாமல் சப்பையாக வெட்டினார். இன்று உலகெங்கும் அதே படகு ஃபைபர் கிளாஸில் வார்க்கப்பட்டு விலைக்கு வருகிறது. ஓட்டும் கலை வளர்ந்தது. செய்யும் கலை கழன்றுபோனது. அதை ஹைதராபாத் பள்ளிகள் மீட்டெடுக்க வேண்டும். பாய்மரமோ சுக்கானோ தேவைப்படாத மரக் கயாக்கிலிருந்து தொடங்குவதே எளிது.

இது எட்டாத வித்தை அல்ல. 1962இல் பிரிட்டனின் டெய்லி மிரர் நாளிதழ் முன்னின்று பரப்பிய மிரர் படகை, தச்சுத் தொழில் அறியாத குடும்பங்கள் பல்லாயிரக்கணக்கில் வீட்டிலேயே கட்டின. கயாக்குக்கும் அதே முறைதான். சட்டைத் துணி வெட்டுவதுபோல் பிளைவுட்டைத் துண்டுகளாக அறுத்து, ஓரங்களில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைக்க வேண்டும். கம்பியை முறுக்க முறுக்கத் தட்டையாகக் கிடந்த பலகை வளைந்தெழுந்து, அணியமும் அமரமும் தாமே உருக்கொள்ளும். பிறகு எபாக்சிப் பசையில் மரத்தூள் குழைத்து இடுக்குகளை அடைத்து, மேலே கண்ணாடியிழைத் துணி ஒட்டுவார்கள். நீளத்துக்காக இரண்டு பலகைகளை இணைக்கும் இடத்தில் விளிம்பைச் சரிவாக இழைக்கும்போது, பிளைவுட்டின் அடுக்குகள் கோடுகோடாகத் தெரியும். கோடு நேராக ஓடினால் இழைப்பு சரி. நெளிந்தால் கை எங்கே அழுத்தியது என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும். வடிவியலை இதைவிடத் தெளிவாக எந்தக் கரும்பலகையும் கற்றுத்தராது. படகைத் தைப்பது நமக்கு அந்நியமும் அல்ல. துறைமுகம் இல்லாத காலத்துச் சென்னையில், கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் சரக்கையும் சுமந்த மசூலா படகுகள் கயிற்றால் தைக்கப்பட்டவையே. கரையில் அலை மோதும்போது ஆணியடித்த படகு பிளந்துவிடும், தைத்தது நெளிந்து கொடுக்கும்.

பிளாஸ்டிக் கயாக் கடையில் கிடைக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். பந்தயத்துக்கு மட்டும் என்றால் வாங்குவதே மேல். ஆனால் வாங்கிய படகு கீறினால் ஓரங்கட்டப்படும். கட்டிய படகைச் சரிசெய்யக் கட்டியவனுக்குத் தெரியும். பிள்ளைகள் செய்த படகை நம்பித் தண்ணீரில் இறங்கலாமா என்ற அச்சம் நியாயமானது. முன்னும் பின்னும் காற்றுப் புகாத அறைகள், முதலில் ஆழமில்லாத நீரில் சோதனை, எப்போதும் மிதவைச் சட்டை ஆகியவற்றில் விட்டுக்கொடுப்பே கூடாது. எபாக்சியைக் கையுறையோடு, காற்றோட்டமான இடத்தில் பெரியவர்களே கையாள வேண்டும். எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம், கழிவுநீர் கலக்கும் ஏரியில் பிள்ளைகளை இறக்குவதா என்பது. சுத்தமில்லாத நீரில் இறக்கவே கூடாது. அப்படியானால் எந்த ஏரி படகுக்குத் தகுதியானது, எது ஏன் தகுதியில்லை என்று யாராவது தொடர்ந்து நீரைச் சோதித்துச் சொல்லியாக வேண்டும். படகைக் கட்டி முடித்து இறக்க இடமின்றி நிற்கும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் அந்தக் கேள்வியை விடமாட்டார்கள். ஏரிகளின் ஆக்கிரமிப்புகளை அகற்ற 2024இல் தெலங்கானா அரசு ஹைட்ரா அமைப்பை உருவாக்கியது. இயந்திரம் வந்து இடித்துவிட்டுப் போகும். மறுநாள் முதல் அந்தக் கரையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

பொருளுக்கும் ஆளுக்கும் இந்த நகரத்தில் பஞ்சமில்லை. 72 மணி நேரம் கொதிநீரில் வைத்துச் சோதிக்கப்படும் 710 தர பிளைவுட்டை அடுக்குமாடிக் குடியிருப்புகளின் சமையலறை அலமாரிகளுக்காகத் தச்சர்கள் நாள்தோறும் அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு முழுக் கூலி கொடுத்து, வாரம் இரண்டு மாலை ஓர் அரசுப் பள்ளிக்கு அழைத்து வந்தால் வரும் கோடைக்குள் முதல் கயாக் தயாராகிவிடும்.