சுயேச்சையான ஃபண்டு நிறுவனம்னா பாதுகாப்பா?

எடின்பரோவில் இயங்கும் பெய்லி கிஃபோர்ட், 1908-ல் தொடங்கிய முதலீட்டு நிறுவனம். பின்னால் தாய் வங்கி கிடையாது. பங்குச்சந்தையில் பட்டியலிடப்படவும் இல்லை. அங்கே வேலை பார்க்கும் பார்ட்னர்கள்தான் முதலாளிகள். ‘இந்தக் காலாண்டு லாபம் எங்கே?’ என்று நச்சரிக்க வெளியாள் இல்லாததால்தான் அவர்களால் பொறுமையாக இருக்க முடிகிறது என்பார்கள். அது பாதி உண்மைதான்.

மீதி, ஃபண்டின் கட்டமைப்பில் இருக்கிறது.

இவர்கள் நிர்வகிக்கும் ஸ்காட்டிஷ் மார்ட்கேஜ் டிரஸ்ட்டைப் பாருங்க. 1909-ல் மலாயா ரப்பர் தோட்டங்களுக்குக் கடன் கொடுக்க உருவானது. (அங்கே பால்மரம் வெட்டப் போனவர்களில் தமிழர்கள் ஏராளம், அது தனிக்கதை.) இன்று அது உலகம் முழுக்கப் பங்குகள் வாங்குகிறது. டெஸ்லாவை 2013-லேயே வாங்கியது. 2020-ல் இந்த டிரஸ்ட்டின் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. 2021 நவம்பரில் உச்சம். 2023 மே மாதத்துக்குள் அதில் பாதிக்கும் மேல் காலி.

பயந்துபோய் பலர் விற்றார்கள். ஆனால் இது ‘குளோஸ்ட் எண்ட்’ ஃபண்டு. விற்க நினைப்பவர் லண்டன் பங்குச்சந்தையில் இன்னொருவரிடம் விற்றுவிட்டுப் போகலாம். மேனேஜர் பணம் எடுத்துத் தர வேண்டியதில்லை. அதனால் ஸ்பேஸ்எக்ஸ் மாதிரி பட்டியலிடப்படாத பங்குகளை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடும் நெருக்கடி வரவில்லை.

நீல் வுட்ஃபோர்ட் கதை நேர்மாறானது. பிரிட்டனின் நட்சத்திர ஃபண்டு மேனேஜரான அவர், 2014-ல் சொந்த நிறுவனம் தொடங்கினார். அவரும் சுயேச்சைதான். ஆனால் அவருடைய ஈக்விட்டி இன்கம் ஃபண்டு ‘ஓபன் எண்ட்’. முதலீட்டாளர் கேட்டால் பணம் தந்தாக வேண்டும். உள்ளேயோ சட்டென்று விற்க முடியாத பங்குகள். ஆளாளுக்குப் பணம் கேட்டதும், 2019 ஜூனில் ஃபண்டு முடக்கப்பட்டது. சுமார் 3 லட்சம் பேரின் பணம் உள்ளே மாட்டிக்கொண்டது.

ஆக, ‘முதலாளி யாரு?’ என்று கேட்டால் மட்டும் போதாது. ‘எல்லாரும் ஒரே நேரத்தில் பணம் கேட்டா எங்கிருந்து தருவீங்க?’ என்பதையும் கேட்கணும்.

அதற்காகக் குளோஸ்ட் எண்ட் ஃபண்டு சொர்க்கம் என்று அர்த்தமில்லை. சந்தை சரியும்போது, கையிருப்புப் பங்குகளின் மதிப்பைவிடக் குறைந்த விலையில்தான் அதன் யூனிட்கள் கைமாறும். ஸ்காட்டிஷ் மார்ட்கேஜிலும் அதுதான் நடந்தது. மேனேஜரின் பொறுமைக்கான செலவை அவசரத்துக்கு விற்றவர்கள் ஏற்றார்கள். நிர்வாகக் கட்டணம் மட்டும் அப்போதும் நிற்கவில்லை.