ஃபைட்டர் மீனுக்கு எவ்வளவு தண்ணீர்? – சங்கத்தின் நிலைப்பாடு

கடலூர், சிதம்பரம் வட்டார வண்ணமீன் வளர்ப்போர் அனைவருக்கும்:

ஃபைட்டர் மீனைப் பாட்டிலில் வளர்க்கலாமா என்ற ‘பாட்டில் விவகாரம்’ பொதுக்குழுவில் விவாதிக்கப்பட்டதை உறுப்பினர்கள் அறிவார்கள். 2017 மே மாதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கொண்டுவந்த மீன்தொட்டி விதிகளும், வியாபாரிகளின் எதிர்ப்பும், பின்னர் அவை திரும்பப் பெறப்பட்டதும் தெரிந்த கதைதான். விதி போனதால் கேள்வி போய்விடவில்லை. சங்கத்தின் வரும் கண்காட்சிக்கு முன் முடிவு சொல்லியாக வேண்டும் என்பதால் இந்த அறிக்கை.

ஒரு ஃபைட்டருக்குக் குறைந்தது 20 லிட்டர் தண்ணீர் வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஓரடி உள்ள தொட்டியில் பத்து அங்குலம் நிரப்பினால் ஏறத்தாழ 23 லிட்டர் வரும். இயன்றவர்கள் ஒன்றரை அடி நீளத் தொட்டி வாங்கலாம். மூச்சுக்கு மேலே வந்து போகும் மீன் என்பதால் உயரத்தைவிட நீளம் முக்கியம். துள்ளும், மூடி வேண்டும். ஃபில்டர் மெதுவாக ஓடட்டும். ஒரு தொட்டியில் ஓர் ஆண் மட்டுமே.

இனி, பொதுக்குழுவில் திரும்பத் திரும்ப வைக்கப்பட்ட வாதம்: “இது வயல் தண்ணீரில் வாழும் மீன், இதற்கு ஒரு டம்ளர் போதும்.” வெளியூர்க்காரர் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். காட்டுமன்னார்கோயில் பக்கம் நடவு வயலில் இறங்கியவர்கள் சொல்வதுதான் ஆத்திரமூட்டுகிறது. இந்த மீனின் தாயகமான தாய்லாந்து வயலிலும் தண்ணீர் ஆழமில்லைதான். ஆனால் பரப்பு? ஒரு மா நிலத்தில் இரண்டு அங்குலம் தண்ணீர் நின்றாலே அறுபதாயிரம் லிட்டருக்கு மேல். அதில் பாசி உண்டு, பூச்சி உண்டு, வெயில் ஏறினால் ஒதுங்கப் பயிர் நிழல் உண்டு. ஹார்லிக்ஸ் பாட்டிலில் இவற்றில் எது இருக்கிறது? நம் ஊர்ப் பனையேறி மீனும்தான் காற்றை விழுங்கி உயிர் பிழைக்கிறது. அதற்காக அதை யாராவது டம்ளரில் வளர்க்கிறார்களா? காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு, கெட்ட தண்ணீரில் சாகாமல் தப்பிக்க உதவுகிறது. சாகவில்லை என்பதை நலமாக இருக்கிறது என்று விற்பது வியாபாரமா, ஏமாற்றா?

மீன் கழிக்கும் அமோனியா, 20 லிட்டரில் இருப்பதைவிட 2 லிட்டரில் பத்து மடங்கு அடர்த்தியாகிறது. ஃபைட்டருக்கு ஏற்ற வெப்பம் 24 முதல் 28 டிகிரி. சிறு கலம் கத்திரி வெயிலில் சீக்கிரம் சூடேறுகிறது, மார்கழி இரவில் சீக்கிரம் குளிர்கிறது. தினமும் தண்ணீர் மாற்றினால் சரியாகிவிடும் என்பவர்கள், மீன் அன்றாடம் படும் அதிர்ச்சியைக் கணக்கில் எடுப்பதில்லை.

விதி போனாலும் சட்டம் இருக்கிறது: 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் ‘விலங்கு’ என்பது மனிதர் நீங்கலாக எந்த உயிரும். அசைய இடமில்லாத கலத்தில் அடைப்பது 11-ஆம் பிரிவின்படி குற்றம். வேடிக்கைக்காக மோதவிடுவதும் அப்படியே.

கடைகளில் விற்பனை வரை தனித்தனிச் சிறு கலங்களில் வைப்பதை, உறுப்பினர்களான வியாபாரிகளின் நடைமுறைச் சிரமத்தைக் கருதி, இப்போதைக்கு முழுமையாக எதிர்க்க வேண்டாம் என்பது பெரும்பான்மைக் கருத்து. கூடியவரை பெரிய கலம், கூடியவரை குறைந்த நாட்கள் என்று வேண்டுகிறோம். மாதக்கணக்கில் அலமாரியில் நிற்கும் பாட்டிலுக்குத் ‘தற்காலிகம்’ என்று பெயர் சூட்ட வேண்டாம் என்றும் சேர்க்கச் சொன்னவர்களின் கருத்தைப் பதிவு செய்கிறோம்.

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையம் கடல் வண்ணமீன்களையே குஞ்சு பொரிக்க வைத்த வட்டாரம் இது. இங்கே ஒரு நன்னீர் மீனுக்கு ஒரு குடம் தண்ணீர் கொடுக்கத் தயங்குவது வெட்கக்கேடு.

எனவே: கண்காட்சியில் 20 லிட்டருக்குக் குறைந்த கலத்தில் ஃபைட்டர் போட்டிக்கு ஏற்கப்படாது. பிறந்தநாள் விழாக்களில் பாட்டிலோடு மீனைப் பரிசாகக் கொடுக்கும் வழக்கத்துக்கு உறுப்பினர்கள் மீன் வழங்கக் கூடாது. மீன் விற்பவர் தொட்டி அளவையும் வாங்குபவரிடம் சொல்ல வேண்டும். தொட்டி வாங்கப் பணமில்லை என்பவருக்கு மீனை விற்காமல் இருப்பதே சேவை.