5 ஆண்டுக்குள் பிஎஃப் பணத்தை எடுத்தால் வரி: இந்தச் சுமை யார் தலையில் விடிகிறது?

வேலையை விட்டு இரண்டு மாதம் ஆனதும் பலரும் செய்கிற முதல் காரியம் பிஎஃப் கிளைம் போடுவது. செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் பக்கம் வாடகைக்கு இருந்துகொண்டு மெப்ஸுக்கும் ஓஎம்ஆருக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கணும், பைக் இஎம்ஐ நிக்குது, அடுத்த கம்பெனியில் ஜாயினிங் தேதி தள்ளிக்கிட்டே போகுது. ஆதாரும் செல்போனும் கையில் இருந்தால் போதும், ஜெராக்ஸ் கடையிலேயே கிளைம் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பணம் அக்கவுன்ட்டுக்கு வந்த பிறகுதான் 'ஏன் குறையுது?' என்ற கேள்வி எழும்.

காரணம், வருமான வரிச் சட்டத்தின் 192ஏ பிரிவு. 2015 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. தொடர்ச்சியாக 5 ஆண்டு சர்வீஸ் முடியாமல் கணக்கை முடித்துப் பணத்தை எடுத்தால், தொகை 50,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய் வாங்கும் ஒருவர் 3 ஆண்டு வேலை பார்த்துவிட்டு நிற்கிறார். மாதம் அவர் பங்கு 1,800 ரூபாய். கம்பெனியும் அதே 1,800 கட்டும். ஆனால் அதில் 1,250 ரூபாய் பென்ஷன் திட்டத்துக்குப் போய்விடும், பிஎஃப் கணக்கில் சேர்வது 550 தான். 36 மாதத்தில் 84,600 ரூபாய் சேரும். 8.25 சதவீத வட்டியோடு சுமார் 95,000. இதில் டிடிஎஸ் மட்டும் 9,500 ரூபாய். பான் இல்லையென்றால் 19,000. சின்ன ஊதியக்காரருக்கு அது ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல்.

டிடிஎஸ் வேறு, கட்ட வேண்டிய வரி வேறு. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். வருமானமே வரி வரம்புக்குள் இருந்தால் கிளைம் போடும்போதே 15ஜி படிவம் கொடுத்து டிடிஎஸ்ஸைத் தவிர்க்கலாம். கொடுக்க மறந்தவர் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பக் கேட்கலாம். 'நமக்குத்தான் டாக்ஸே வராதே, எதுக்கு ரிட்டர்ன்' என்று சும்மா இருப்பவருக்கு அந்த 9,500 திரும்பாது. அதே நேரம் 30 சதவீத வரம்பில் இருப்பவர், '10 சதவீதம்தான் பிடிச்சாச்சே' என்று நிம்மதியாக இருக்க முடியாது. மீதியையும் அவர்தான் கட்ட வேண்டும்.

எதற்கெல்லாம் வரி? கம்பெனி போட்ட பங்கும் அதன் வட்டியும் சம்பள வருமானமாகக் கருதப்படும். ஊழியர் பங்கின் மீதான வட்டி, 'இதர வருமானம்'. ஊழியர் போட்ட அசலுக்கு வரி வருமா என்பது அவர் முன்பு 80சி சலுகை வாங்கினாரா என்பதைப் பொறுத்தது. வாங்கியிருந்தால் அந்தச் சலுகை திரும்பப் பறிக்கப்படும். 80சி கிடைக்காத புதிய வரி முறையில் இருந்தவருக்கு அசலில் கை வைக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் விட முக்கியமானது, 5 ஆண்டை எப்படி எண்ணுகிறார்கள் என்பது. ஒரே கம்பெனியில் 5 ஆண்டு இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய கம்பெனியின் பிஎஃப் பணத்தைப் புதிய கணக்குக்கு மாற்றியிருந்தால் பழைய சர்வீஸும் சேரும். மெப்ஸில் இரண்டு ஆண்டு, ஒரகடத்தில் மூன்று ஆண்டு என்றாலும் மாற்றியிருந்தால் 5 ஆண்டு கணக்காகிவிடும், வரி இல்லை. முதல் இரண்டு ஆண்டுப் பணத்தை எடுத்துவிட்டால் மீட்டர் பூஜ்ஜியத்திலிருந்து ஓடும். யுஏஎன் எண் ஒன்றாகவே இருந்தாலும் பணம் தானாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. பாஸ்புக்கைத் திறந்து பார்ப்பது நல்லது. 2025 ஜனவரியிலிருந்து பெரும்பாலானவர்கள் கம்பெனியின் ஒப்புதல் இல்லாமலேயே ஆன்லைனில் மாற்றிக்கொள்ளலாம்.

மாற்றச் சொல்வது சுலபம். அடுத்த வேலை கையில் இருப்பவருக்கு அது சரியான யோசனையும்கூட. அடுத்த வேலையே இல்லாதவர் எங்கே மாற்றுவார்?

ஓய்வுக்காலச் சேமிப்பை இடையில் உடைக்கக் கூடாது என்ற நோக்கம் நியாயமானது. ஆனால் 5 ஆண்டு என்ற அளவுகோல், ஒரு கம்பெனியில் சேர்ந்தால் பத்துப் பதினைந்து ஆண்டு இருந்த தலைமுறைக்குப் பொருந்தியது. இன்று 22 வயதில் சேர்ந்து 27 வயதில் மொத்தத்தையும் எடுப்பவருக்கு வரியே இல்லை. ஒப்பந்த வேலையில் நான்கரை ஆண்டு ஓட்டிவிட்டு 45 வயதில் வெளியே வந்து எடுப்பவருக்கு வரி. அமெரிக்காவின் 401கே கணக்கில் பொதுவாக 59 வயது 6 மாதத்துக்கு முன் எடுத்தால் வரியோடு 10 சதவீதம் கூடுதலாகவும் பிடுங்குவார்கள். கடுமையான விதிதான், ஆனால் அது வயதைப் பார்க்கிறது. நம் விதி ஓய்வுக்காலத்தைப் பற்றிக் கவலைப்படுவதாகச் சொல்லிக்கொண்டு சர்வீஸைப் பார்க்கிறது.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. உடல்நலக் குறைவு, கம்பெனி ஆட்குறைப்பு செய்தது அல்லது மூடப்பட்டது, ஊழியரின் கட்டுப்பாட்டில் இல்லாத வேறு காரணம் ஆகியவற்றால் வேலை போயிருந்தால் 5 ஆண்டு விதி பொருந்தாது. தாளில் இது தாராளமான சலுகை. நிஜத்தில் எத்தனை பேரை 'டெர்மினேட்' செய்கிறார்கள்? 'நீங்களே ரிசைன் பண்ணிடுங்க, ரிலீவிங் லெட்டர் க்ளீனா வரும்' என்றுதான் எச்ஆர் அறையில் சொல்வார்கள். அடுத்த வேலைக்குப் பயந்து எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தக் கடிதத்தோடு வரிச் சலுகைக்கான ஆதாரமும் போய்விடுகிறது. வேலையை விடச் சொல்லி வந்த மின்னஞ்சல் ஏதாவது இருந்தால் அதை அழிக்காமல் வைத்திருப்பது பின்னால் உதவும்.

பிஎஃப் விஷயத்தில் அரசு பின்வாங்கிய வரலாறும் உண்டு. 2016 பட்ஜெட்டில், பிஎஃப் பணத்தை எடுக்கும்போது 60 சதவீதத் தொகைக்கு வரி என்ற யோசனையை அருண் ஜெட்லி முன்வைத்தார். எதிர்ப்பு கிளம்பியதும் மார்ச் 8-ல் அதைக் கைவிட்டார். அடுத்த மாதமே, கம்பெனி பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்ற இன்னொரு விதிக்கு எதிராக பெங்களூருவின் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். பெரும்பாலும் பெண்கள். அந்த விதியும் வாபஸ் ஆனது. அந்தப் பெண்களுக்கு பிஎஃப் என்பது வேலை போன மாதத்தின் வாடகையும் அரிசியும். 58 வயதுக்கணக்கு அப்புறம்தான்.

2025 அக்டோபர் 13-ல் பிஎஃப் மத்திய அறங்காவலர் குழு, பகுதியளவு பணம் எடுக்கும் விதிகளைத் தளர்த்த முடிவெடுத்தது. 13 விதமான விதிகள் மூன்று பிரிவுக்குள் வருகின்றன. 12 மாத சர்வீஸ் போதும். 25 சதவீதத்தைக் கணக்கில் விட்டு வைக்க வேண்டும். வேலை இழந்தவர் 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம், கணக்கை முழுசாக முடிக்க இரண்டு மாதத்துக்குப் பதில் 12 மாதம் காத்திருக்க வேண்டும். பணம் எடுக்கும் கதவை அகலமாகத் திறந்திருக்கிறார்கள். 2026 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வரும் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுகின்றன. 5 ஆண்டு என்ற எண் மாறவில்லை.